நாலரை மணித் துண்டு

முதுகை நேராக்கு. தோளை இறக்கு. கண்ணை அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோகாதே. பேனாவை, இல்லை, அது பேனா இல்லை, என்ன கருமமோ, அதை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே, விரல் வலிக்கும்.

டீச்சரின் மனதுக்குள் இந்த வரிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்து நின்றன. பன்னிரண்டு வருஷம் சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வரிகள். நாக்கு நுனிவரை வந்தவற்றை எச்சிலோடு விழுங்கிக்கொண்டு, பயிற்சி நிலையத்தின் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கோட்டுக்கு உள்ளே அவளுடைய பதினேழு வயது மகள் ஒரு இரும்புக் குழாயின் முன்னால் குந்தியிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் வண்டு. தொட்டிலில் கிடந்த நாளிலேயே வாய்விட்டு அழாமல் மூக்கால் ரீங்காரம் போட்ட குழந்தை. தலையில் கவிழ்த்த கறுப்பு முகமூடியும், முழங்கைவரை ஏறிய தோல் கையுறையும், தரையோடு ஒட்டிய இருப்புமாக இன்றைக்குத்தான் அந்தப் பெயர் அவளுக்கு முழுசாகப் பொருந்தியிருந்தது.

பரீட்சை என்பது டீச்சருக்குப் புதிது இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குத் தாள் திருத்துகிறவள். ஆனால் தாளே இல்லாத பரீட்சையை இப்போதுதான் பார்க்கிறாள். இரண்டு குழாய்த் துண்டுகளைச் சாய்வாக ஒரு தாங்கியில் பொருத்திவிடுவார்கள். வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். குழாயைத் திருப்பக் கூடாது. பிள்ளைதான் அதற்குக் கீழே படுத்து, பக்கவாட்டில் ஒடுங்கி, மேலே எம்பி, சுற்றி வர வேண்டும். அதன் பிறகு ஒட்டிய இடத்தை நான்கு பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் லாடம் போல வளைத்துப் பார்ப்பார்கள். பிளக்காவிட்டால் சர்டிபிகேட். அதை வைத்திருப்பவர்களில் நான்கு பேரைத் திங்கட்கிழமை கொதிகலன் தொழிற்சாலை எடுத்துக்கொள்கிறது.

பிளந்தால்?

அதற்கும் வீட்டில் முடிவு சொல்லியாகிவிட்டது. மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அதே குரலில் சொல்லியிருந்தார். “தேறினா உன் வழிக்கு நான் குறுக்க வரலை. தேறலைன்னா திங்கக்கிழமையே டுட்டோரியல். கணக்கைத் திரும்ப எழுதி, ஒழுங்கா காலேஜ் போற.” வண்டு, “சரிப்பா,” என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். தூக்கம் வராமல் புரண்டது அவள் அம்மாதான்.

“டீச்சரம்மா, வெறுங்கண்ணால பார்க்காதீங்க. அப்புறம் ராத்திரி பூரா கண்ணுல மண்ணைக் கொட்டினாப்பல இருக்கும்.” ஸ்டோர் ரூம் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த பெண்மணி, கைப்பிடி வைத்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை நீட்டினாள். கையுறையும் வெல்டிங் ராடும் எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. எல்லாருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. “இதை மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டுப் பாருங்க. காசு கேட்க மாட்டேன்.”

“எப்படிச் செய்யறா?” டீச்சரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இப்பவா? முதல் மாசம் கேட்டிருக்கணும் நீங்க. ராடை இரும்புல ஒட்ட வெச்சு, பிடுங்கத் தெரியாம, மாட்டுவாலைப் பிடிச்சாப்பல தொங்கிக்கிட்டு நிக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு டஜன் ராடு வீண். நானே திட்டியிருக்கேன், ‘நீ வெல்டிங் கத்துக்க வந்தியா, என் ஸ்டோரைக் காலி பண்ண வந்தியா’ன்னு. சிரிக்கும். மறுநாள் எனக்கு முன்னாடி வந்து கதவுகிட்ட நிக்கும்.”

கதவுகிட்ட நிக்கும். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெண்ணைக் கிளப்புவதற்குள் ஒவ்வொரு காலையும் உயிர் போய் உயிர் வந்ததை டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

வண்டு சுண்ணக்கட்டியால் குழாயைச் சுற்றிக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். அடியில் ஆறு. உச்சியில் பன்னிரண்டு. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்பது.

“அது எதுக்கு?”

“குழாய்க்கு மூலை முடுக்கு ஏது டீச்சரம்மா? இடம் சொல்லணும்னா கடிகாரம் மாதிரிதான் சொல்லுவாங்க. ஆறு மணியில தொடங்கிப் பன்னெண்டுக்கு ஏறணும். அந்தப் பக்கமும் அப்படியே.”

டீச்சர் கண்ணாடியை மடியில் இறக்கினாள். ஒன்பது வயதுவரை மணி பார்க்கத் தெரியாத குழந்தை அது. அட்டையில் கடிகாரம் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, முள்ளைத் திருப்பித் திருப்பி இவள் கேட்பாள்: இப்போ என்ன மணி? இப்போ? குழந்தை முள்ளைப் பார்க்காது, அம்மாவின் முகத்தைப் பார்க்கும். எந்த எண்ணைச் சொன்னால் அந்த முகம் தணியும் என்று தேடும். ஒரு நாள் கை ஓங்கிவிட்டது. ஓங்கியது மட்டுமில்லை, விழுந்தும்விட்டது. அட்டைக் கடிகாரம் மறுநாளே காணாமல் போனது. ஒரு வருஷம் கழித்து அலமாரிக்கு அடியில், முள் இல்லாமல் கிடைத்தது.

பளிச்சென்று வெளிச்சம் வெடித்தது. அவசரமாகக் கண்ணாடியைத் தூக்கினாள்.

உலகம் அணைந்துபோனது. சுவர், மேசை, மற்ற பிள்ளைகள், தன் கை எதுவும் இல்லை. நட்டநடுவில் நகத்தளவு ஒரு பச்சை நிலா மட்டும் இருந்தது. கண் பழகப் பழக அது நிலா இல்லை, குளம் என்று தெரிந்தது. உருகிய இரும்பின் குளம். அதன் முன்விளிம்பில் சாவித் துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை. குளம் நகர, ஓட்டையும் அதற்கு முன்னால் நகர்ந்தது. ஓட்டை பெரிதானால் இரும்பு ஒழுகிவிடும், மூடிக்கொண்டால் உள்பக்கம் ஒட்டாது என்று ஸ்டோர் அக்கா பக்கத்திலிருந்து சொன்னாள். ஓட்டை பெரிதாகவும் இல்லை, மூடவும் இல்லை. யாரோ மூச்சு விடுவது போல மெல்ல விரிந்து, மெல்லச் சுருங்கி, ஊர்ந்துகொண்டே போனது.

அதை நடத்திக்கொண்டு போவது ஒரு கை. நான்கு வரி நோட்டில் ஒரு நாளும் கோட்டின் மேல் நிற்காத எழுத்தை எழுதிய கை.

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அழகான பொருளைப் பார்த்து வரும் சிலிர்ப்பு இல்லை. தன் வயிற்றில் கிடந்த ஒன்றுக்குத் தனக்குத் தெரியாத இத்தனை பெரிய உள்ளிடம் இருந்திருக்கிறதே என்று வருகிற சிலிர்ப்பு. கொஞ்சம் பயமும் கலந்தது. பதினேழு வருஷமாக இந்தப் பெண்ணைத் தன் கையெழுத்துப் போலத் தெரியும் என்று நம்பியிருந்தாள்.

கையெழுத்து. அங்கேதான் குத்தியது.

யாரிடமும் அவள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கணக்கு டீச்சர் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்த வருஷத்தில், வண்டுவின் வீட்டுப்பாட நோட்டை இவளே எழுத ஆரம்பித்தாள். வலது கையால் எழுதினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இடது கையால். குழந்தையின் கோணல் எழுத்து வரும்வரை பழைய காகிதங்களில் எழுதிப் பழகினாள். அப்படி ஆறு வருஷம். பள்ளித் தேர்வுகளில் குறைந்தால், திருத்துகிறவரிடம் தேநீர் வேளையில் போய், “அந்த ரெண்டு மார்க்கைக் கொஞ்சம் பாருங்களேன்,” என்பாள். பார்த்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். பொதுத்தேர்வில்தான் தாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் போனது. நூற்றுக்குப் பத்தொன்பது. மூன்று மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வண்டு ஒரு நாள் இந்தப் பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து அடுப்பருகில் நீட்டினாள். விரல் சுட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்து இவளும் கையெழுத்துப் போட்டாள்.

வெளிச்சம் அணைந்தது. வண்டு முகமூடியைத் தூக்கி, தீர்ந்த ராடை எறிந்துவிட்டுப் புதிதை மாட்டினாள். மறுபடி வெளிச்சம். சீரான சத்தம், சூடான எண்ணெயில் எதுவோ பொரிவது போல. இடையில் ஒரு கணம் அந்தச் சத்தம் இடறியதோ? இவளுக்கு நிச்சயமில்லை.

ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு சுற்று, அதற்கும் மேல் இன்னும். இரண்டரை மணி நேரம் கழித்து வண்டு எழுந்து நின்றபோது குழாயைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. மீன் செதில் அடுக்கினாற்போல ஒரே அகலம், ஒரே இடைவெளி. டீச்சருக்கு எழுந்து போய்த் தொட வேண்டும் போலிருந்தது. மஞ்சள் கோடு தடுத்தது.

பரீட்சகர் வந்தார். காலையிலேயே இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டிருந்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இவளிடம் படித்தவன், கடைசி பெஞ்சு. இப்போது முன்தலை வழுக்கை, சட்டைப் பையில் நான்கு பேனா. குழாயைச் சுற்றி டார்ச் அடித்தார், உள்ளேயும் அடித்தார். “நல்லாயிருக்கே. பார்வைக்கு ஒரு குறையுமில்லை.”

“சார்,” என்றாள் வண்டு. “நாலரை மணிப் பக்கம் எடுக்கற துண்டு, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி வளைச்சா திறக்கும்.”

“எதை வெச்சுச் சொல்றே?”

“அங்க ராடு மாத்தினேன். திரும்பத் தொடங்கறப்போ சத்தம் ஒரு மாதிரி வந்துச்சு. தேய்ச்சுப் பார்த்தேன், சரியாத்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது வரிசை மேல விழுந்தப்புறம்தான், இல்ல, அது ஒட்டலைன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் தோண்டிச் சரிபண்ணக் கூடாதுன்னு காலையில நீங்க சொல்லியிருக்கீங்க.”

“நான் பார்த்தேனே, ஒண்ணுமில்லையே.”

“இருக்கு சார்.”

தப்பான விடையை முழங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இது. கையை விலக்கு, விலக்கு என்று இவள் கத்தினாலும் விலக்காத பிள்ளை. இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவளே விலக்கிக் காட்டுகிறாள்.

பரீட்சகர் குழாயை அறுக்கக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டு தண்ணீர்ப் பாட்டிலோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாள். நெற்றியில் முகமூடியின் பட்டை சிவப்பாகப் பதிந்திருந்தது.

“ஏண்டி சொன்னே?”

“எதை?”

“அந்த நாலரையை. யாரும் கேட்கலையே.”

“வளைச்சா அதுவே சொல்லிடும்மா. நான் முந்திக்கிட்டேன்.” தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

“அப்பா டுட்டோரியல்னு சொன்னாரே. பயமா இல்லையா?”

“இருக்கு.” வண்டு பாட்டிலை மூடினாள். “அதுக்காக அங்க ஒட்டியிருக்குன்னு சொல்ல முடியுமா? ஒட்டலையே.”

டீச்சர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படித்தான் கேட்டாளோ, கேட்டுவிட்டாள். “அந்த வீட்டுப்பாட நோட்டெல்லாம்... உனக்குத் தெரியுமா?”

“தெரியாமயா?” வண்டு சிரித்தாள். “நான் போடற ஏழு அவ்வளவு அழகா வராதும்மா. நீ இடது கையால போட்டாக்கூட டீச்சர் ஏழுதான்.” எழுந்து பின்பக்கம் தட்டிவிட்டுக்கொண்டாள். “அந்த மூலையில வேஸ்ட் குழாய் கிடக்கு. கை ஞாபகம் போறதுக்குள்ள நாலரையை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கறேன்.”

இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. ‘மிக நன்று’ என்று முத்திரை விழுந்த நோட்டை ஒவ்வொரு நாளும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அது எத்தனை கனமான பை என்று டீச்சர் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

போன் அடித்தது. கணவர்.

“என்னாச்சு?”

“அறுக்கறாங்க. ஒரு துண்டு சரியில்லைன்னு அவளே சொல்லிட்டா.”

மறுமுனையில் கடைக்கு வந்த யாருக்கோ, “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு,” என்று சொல்லிவிட்டு வந்தார். “அவளேவா? புத்தி இருக்கா அவளுக்கு? சரி விடு, அந்தப் பரீட்சகன் உன் பழைய ஸ்டூடண்டுதானே? ஒரு வார்த்தை சொல்லேன். நீ கேட்டா மாட்டேம்பானா?”

“தேறலைன்னா டுட்டோரியல்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன். அதுக்காகக் குழந்தை ஆசைப்பட்டது கைக்கெட்டற தூரத்துல நிக்கறப்போ சும்மா இருக்க முடியுமா? நானும் அப்பன்தானே.”

அவருடைய குரல் உள்ளிறங்கியிருந்தது. இத்தனை நாள் அவர் கறாராக நின்றது இவள் எப்படியாவது யாரையாவது வளைத்துச் சரிசெய்துவிடுவாள் என்ற தைரியத்தில்தான் என்று அவளுக்குப் பட்டது. “பார்க்கறேங்க,” என்று வைத்துவிட்டாள்.

வளைக்கும் இயந்திரம் மூலையில் இருந்தது. ஸ்டோர் அக்கா ஜன்னலை விட்டு வந்து டீச்சரின் பக்கத்தில் நின்றாள். முதல் பட்டையை வைத்தார்கள். விரல் பருமன் இரும்பு, ஒரு முனகலோடு மடிந்து லாடமாயிற்று. பரீட்சகர் பெருவிரலால் தடவினார். இரண்டு இரும்பு எங்கே ஒன்றானது என்பதே தெரியவில்லை. இரண்டாவது, அப்படியே. மூன்றாவது, அப்படியே. அவ்வளவு கெட்டியான ஒன்று உடையாமல் தன்னையே சுற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பார்க்க டீச்சர் நாற்காலியை விட்டு மஞ்சள் கோடுவரை வந்துவிட்டாள்.

நான்காவது, நாலரை மணித் துண்டு. பாதி வளையும்வரை ஒன்றுமில்லை. பிறகு வளைவின் முதுகில், தூங்குகிற கண்ணின் இமைக்கோடு போல, ஒரு கறுப்புக் கீற்று. இன்னும் வளைய, அது லேசாகத் திறந்தது.

பரீட்சகர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எக்ஸ்ரே எதுவும் எடுக்காம, இரும்புக்குள்ள இருந்ததைச் சொன்னா பாருங்க,” என்றார் கடைசியில், தனக்குத்தானே போல. “எனக்கு அந்தக் காது வர எட்டு வருஷம் ஆச்சு.”

மேசைக்குக் கூப்பிட்டு, டீச்சருக்கு நாற்காலி போட்டு, அளவுகோலைக் கீற்றின் மேல் வைத்தார். மூன்று மில்லிமீட்டர்வரை இருந்தால் தேர்ச்சி. கீற்று மூன்றைத் தாண்டி ஒரு மயிரிழை, அதற்கும் கொஞ்சம் கூட, நின்றது.

“மூணேகால்,” என்றார். “விதிப்படி போச்சு. மூணு மாசம் கழிச்சுத்தான் அடுத்த பரீட்சை. திங்கக்கிழமை ஆள் எடுத்துடுவாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “டீச்சர், நான் ஒன்பதாவது முழுப்பரீட்சையில கணக்குல முப்பத்திநாலு. நீங்கதான் தாளைத் திரும்பப் புரட்டி, எங்கேயோ ஒரு மார்க்கைத் தேடிப் போட்டீங்க. ஞாபகம் இருக்கா? அந்த ஒண்ணு இல்லைன்னா நான் இந்த நாற்காலியில இல்ல. அளவுகோலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா இதுவும் மூணுதான். யாருக்கும் தெரியப்போறதில்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிடறேன்.”

ஞாபகம் இருந்தது. அந்த ஒரு மார்க்குக்காக அவள் இன்றும் வருத்தப்படவில்லை. ஆனால் அது தாளில் இருந்தது. இரண்டாம் முறை படித்ததும் கண்ணில் பட்டது. இங்கே இரண்டாம் முறை படிக்க ஒன்றும் இல்லை. அவள் கண்ணெதிரே ஒரு கீற்று வாய் திறந்து கிடந்தது. அதைப் பார்க்காமலேயே படித்துச் சொன்னவள் ஒருத்தி அந்த மூலையில் இருந்தாள்.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வண்டு முடிவு கேட்க வரவில்லை. வேண்டாமென்று எறிந்த குழாயொன்றைத் தாங்கியில் மாட்டி, அதன் கீழே ஒரு தோளைத் தரையில் ஊன்றிச் சாய்ந்து, சுண்ணக்கட்டியால் நாலரையின் இடத்தில் ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு அதையே பார்த்தாள். தணிக்க வேண்டிய முகம் எதையும் அவள் தேடவில்லை. பிறகு முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டாள். பொரிகிற சத்தம் கிளம்பியது.

“மறுபரீட்சைக்கு ஃபாரம் உண்டா தம்பி?”

“இருக்கு டீச்சர். பெத்தவங்க கையெழுத்து வேணும்.” தயங்கித் தயங்கி மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார்.

அவள் வலது கையால், தன் சொந்த எழுத்தில், கையெழுத்துப் போட்டாள். அப்பா என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். அதற்குச் சாயங்காலம் வீட்டில் பேச வேண்டும். லேசில் முடிகிற பேச்சாக இருக்காது. டுட்டோரியலும் இல்லை, சிபாரிசும் இல்லை, மூன்று மாதம் இந்தப் பெண் தினமும் இதே கதவருகில் வந்து நிற்பாள் என்று சொல்ல வேண்டும்.

பரீட்சகர் முடிவுத் தாளை இழுத்தார். அளவு எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து, அதன்மேல் நிறுத்தி, இன்னொரு முறை அவள் முகத்தைப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த அதே பார்வை.

“மூணுன்னு போட்டுடவா டீச்சர்?”

தகரக் கூரையின் கீழே அந்தச் சத்தம் இடறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே, வளைந்த துண்டை இடது கையால் மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“வேண்டாம்ப்பா,” என்றாள். “இருக்கறதை எழுது.”